ஒடிலியா என்றொரு கண்டறியாத பெயர்

பெரியப்பாவோடு நான் நிற்கும் படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் அவர் நிற்கிறார் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். படத்தின் நடுவில் அம்மாவும் நானும். எங்களுக்குப் பின்னால் நெஞ்சளவு உயரத்தில் வெள்ளை வெளேரென்று ஆங்கில எழுத்துகள்; ஒவ்வோர் எழுத்தின் உடம்பிலும் மஞ்சள் குமிழ்விளக்குகள். ஸ்கார்பரோவிலிருந்து பிக்கரிங் வரைக்கும் எங்கள் ஆட்களின் மண்டபங்களில் பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் என்றால் இந்த எழுத்துகள் வாடகைக்கு வந்து இறங்காமல் இராது. பிள்ளைக்குத் தன் பெயரை வாசிக்கத் தெரியாது, வந்தவர்களுக்கோ அது ஏற்கெனவே தெரியும், ஆனாலும் அது எரிய வேண்டும். அன்றைக்கு எரிந்த பெயர் ஒடிலியா. படத்தின் வலது ஓரத்தில் பாதி உடம்போடு, கையில் மைக்கும் திறந்த வாயுமாக விழுந்திருப்பவர்தான் பெரியப்பா.

போன மாதம் அவர் காலமானார். எங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சாகப் போகிறது. வழவழப்பான தாள், முன்னட்டையில் கோட்டும் சூட்டுமாக இறந்தவர், உள்ளே தேவாரம், அதன் பின்னால் உறவினரின் கண்ணீர். இந்த மலர்களில் இதுவரை ஒரு கெட்ட மனிதரையும் நான் சந்தித்ததில்லை. டொரன்டோவில் எங்கள் ஆட்களில் கெட்டவர்கள் சாவதே இல்லை போலும். பெரியப்பாவின் மகன், நான் அண்ணா என்று கூப்பிடுபவர், போன் எடுத்தார். "ஜெனு, அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாவன். அவரோட நிண்ட நல்ல படமொண்டும் அனுப்பிவிடு" என்றார். ஒரு பக்கம் போதாது என்று அவரிடம் சொல்லவில்லை. மலருக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்த காலம் முழுவதும் மைக்கை அவரே வைத்திருந்தார். நான் வேறெப்போது சொல்வதாம்?

பெரியப்பா முதலில் கார் ஓட்டப் பழக்கினார், பிறகு காப்புறுதி விற்றார். இரண்டும் வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான உத்தியோகம் பெயர் வைப்பது. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வருமுன்பே அதன் நட்சத்திரம் பெரியப்பாவின் வீட்டுக்கு வந்துவிடும். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து, எண்சாத்திரப்படி கூட்டிக் கழித்து ஒரு பெயரை அருளுவார். காசு வாங்க மாட்டார். அதற்குப் பதிலாக முதலாவது பிறந்தநாளில் மைக்கை வாங்கிக்கொள்வார். அந்தப் பெயரின் பொருள், பூர்வீகம், மகிமை எல்லாவற்றையும் கேக் உருகும்வரை விளக்குவார். "பேர் பிழைச்சா எல்லாம் பிழைச்சுது" என்பது அவருடைய வேதவாக்கு. சபையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பசியில் இருப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இவ்வளவு அறிவும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அட்டை கழன்ற எண்சாத்திரப் புத்தகம் ஒன்று, நாட்காட்டியின் பின்பக்கம், மிச்சம் தைரியம். எண் சரிவராவிட்டால் பெயரின் வாலில் ஒரு சிகா, ஒரு ஜிகா, ஒரு ஷனா ஒட்டிச் சரிப்படுத்துவார். ஸ்கார்பரோப் பள்ளிக்கூடங்களில் வரவு இடாப்புக் கூப்பிட்ட ஆசிரியர்கள் இத்தனை வருடமாக நாக்குச் சுளுக்கியதில் பெரும் பங்கு அவருக்கு உண்டு. அவர் பெயர் வைத்த பிள்ளைகளின் வரிசையில் நானும் ஒருத்தி. என் பெயர் ஜெனுசிகா. கடதாசிகளிலும் அதுதான், வேலையிடத்திலும் அதுதான். ஆனால் நான் பிறந்தபோது அது என் பெயர் அல்ல.

நான் ஜெர்மனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அகதிகளாக ஒரு சின்ன ஊரில், மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்வீட்டில் குடியிருத்தப்பட்டிருந்தார்கள். கீழ்வீட்டில் தனியாக ஒரு கிழவி. அம்மா மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அந்தக் கிழவி வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பாளாம். அம்மாவும் பதிலுக்கு அடுத்த நாள் இன்னும் இரண்டு மிளகாய் கூடப் போடுவாளாம். அதுதான் அவர்களுக்குள் இருந்த பேச்சுவார்த்தை. நான் பிறந்த அன்று நல்ல பனி. அப்பா அகதி வழக்குக்காக வேறு நகரத்துக்குப் போயிருந்தார், ரயில்கள் ஓடவில்லை. வலி எடுத்ததும் அம்மா வேறு வழியில்லாமல் கீழே இறங்கிப் போய்க் கிழவியின் கதவைத் தட்டினாள். கிழவி மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்த் தொப்பி போட்டுக்கொண்டு வந்தாள். கார் இருக்கை பழுதாகிவிடும் என்று பழைய துவாய் ஒன்றை விரித்து, அதன் மேல் அம்மாவை இருத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

வழியில் ஒரு சொல்லும் இல்லை. பாதித் தூரத்தில் கிழவி தன் நெஞ்சைத் தொட்டு "ஒடிலியா" என்றாளாம். அம்மா தன் நெஞ்சைத் தொட்டுத் தன் பெயரைச் சொன்னாள். அந்த நாட்டுக்கு வந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டிருந்தது. அதுவரை அம்மாவிடம் கேள்வி கேட்டவர்கள் உண்டு, கையொப்பம் கேட்டவர்கள் உண்டு, தன் பெயரைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. மறுநாள் தாதி வந்து பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டபோது அம்மா அந்தப் பெயரைச் சொன்னாள். ஊரில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தைத் தகப்பன் தெரிந்தெடுத்தார், புருஷனைத் தமையன் தெரிந்தெடுத்தார், நாட்டைத் தரகன் தெரிந்தெடுத்தான். அவள் ஒருவரையும் கேளாமல் தானே முடிவு செய்த முதல் காரியம் என் பெயர். கிழவி அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. நாங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே மிளகாய் தாளித்ததும் தும்புத்தடி வழக்கம்போல் இடித்தது. அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

சிரிக்காதவர் பெரியப்பா. அவர் அப்போதே டொரன்டோவுக்கு வந்துவிட்டிருந்தார். தம்பியின் முதல் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை குடும்பத்தில் மூத்தவரான தனக்கே என்று அவர் சொல்லிவைத்திருந்தார். நட்சத்திரம் தெரிந்தவுடன் கணக்குப் போட்டு ஜெனுசிகா என்று எழுதிக் கடிதமும் அனுப்பினார். அது வந்து சேர்ந்தபோது நான் ஏற்கெனவே ஒடிலியாவாகிவிட்டிருந்தேன். தன் பெயர் திருப்பி அனுப்பப்பட்டதை அவர் மறக்கவில்லை. ஆறு வருடம் கழித்து நாங்கள் அவருடைய வீட்டு பேஸ்மென்டில் வந்து இறங்கும்வரைக்கும் அந்தப் பெயரைக் கெட்டுப்போகாமல் வைத்திருந்தார்.

வந்து இறங்கிய அன்றைக்கே தொடங்கிவிட்டது. மேலே வரவேற்பறையில் எல்லோரும் கதிரைகளில் இருக்க, நான் நடுவில் நின்றேன். "உனக்கென்ன பேர், பிள்ளை?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. நான் சொன்னேன். "ஒடியலோ? கூழுக்குப் போடுற ஒடியலோ, இல்லாட்டிப் புழுக்கொடியலோ?" என்றார். சபை சிரித்தது. அப்பாவும் சிரித்தார், தமையன் சிரித்தால் சிரிக்க வேண்டியது தம்பியின் கடமை. பனங்கிழங்கைக் காயவைத்தால் ஒடியல் என்பதே எனக்கு அன்று தெரியாது. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தேத்தண்ணீர்த் தட்டை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவர் அம்மாவைப் பார்த்து விளக்கம் சொன்னார். "கண்டறியாத பேர். ஒரு அர்த்தமுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை. கோயில்ல அர்ச்சனைக்கு என்னெண்டு சொல்லுறது? ஐயர் சிரிக்க மாட்டாரே? பேர் பிழைச்சா எல்லாம் பிழைச்சுது, தங்கச்சி." அம்மா மெதுவாக, "அது எங்களுக்கு உதவி செய்த மனிசியின்ர பேர், அத்தான்" என்றாள். "உதவி செய்தவைக்கு நன்றி சொல்லுறது. பிள்ளையைக் குடுக்கிறதில்லை" என்றார். நல்ல வசனம். அவரிடம் நல்ல வசனங்களுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அப்பா, "அண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். வாடகை இல்லாமல் தங்கியிருக்கிற வீட்டில் அண்ணை சொன்னது எப்படிப் பிழையாக இருக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பெயர் வைத்தார்கள். பிறந்து முப்பத்தோராம் நாளில் குழந்தைக்குச் செய்கிற சடங்கை ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்தார்கள். பேஸ்மென்டில் சலவை மெஷினுக்கும் காயப்போட்ட உடுப்புகளுக்கும் இடையில் கும்பம் வைத்து, தாம்பாளத்தில் அரிசி பரப்பி, என் விரலைப் பிடித்துப் புதுப் பெயரை எழுதினார் பெரியப்பா. பிறகு குனிந்து என் காதுக்குள் "ஜெனுசிகா, ஜெனுசிகா, ஜெனுசிகா" என்றார். அவருடைய மூச்சில் வெற்றிலையும் மூக்குப்பொடியும் மணத்தன. மீசை காதில் குத்தியது, நான் கூச்சத்தில் நெளிந்தேன். பிள்ளை சந்தோஷத்தில் சிரிக்கிறது என்று பெரியம்மா சொன்னார். அந்த அரிசியை அடுத்த நாள் சோறாக்கிச் சாப்பிட்டோம். அகதிகள் வீட்டில் அரிசியை வீணாக்குவதில்லை. பெயர் மாற்றும் பத்திரங்களை நிரப்பியவரும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான், ஆங்கிலம் பேசியவரும் அவர்தான். திரும்பி வரும்போது நான் சகல இடத்திலும் ஜெனுசிகா.

ஓர் இடம் மட்டும் மிஞ்சியது. அந்தச் சலவை மெஷின் பழையது, உடுப்புச் சுழற்றத் தொடங்கினால் வீடே அதிரும். அது ஓடுகிற நேரம் அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, தலை வாரிக்கொண்டே "ஒடிலியா" என்பாள். கூரைக்கு மேலே பெரியப்பாவின் செருப்புச் சத்தம் போகும், வரும். இங்கேயும் மேல்வீடு கீழ்வீடுதான், ஆனால் இம்முறை நாங்கள் கீழே, இடிக்க உரிமையுள்ளவர் மேலே. மெஷின் நின்றதும் நான் ஜெனு ஆகிவிடுவேன். கொஞ்சக் காலத்தில் சொந்தமாக அப்பார்ட்மென்ட் எடுத்து வெளியேறினோம். அங்கே சலவை மெஷின்கள் பொதுவில் கீழ்த்தளத்தில் இருந்தன, வீட்டுக்குள் சத்தம் இல்லை. அம்மாவும் அந்தப் பெயரை மறந்தவள்போல் ஆகிவிட்டாள். பயத்தில் பழகியது பயம் போன பிறகும் போகவில்லை. அவள்மீது எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் முழுவதையும் ஒருவருக்கே சேமித்து வைத்திருந்தேன்.

பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒருநாள் அவரிடமே கேட்டேன். "பெரியப்பா, ஜெனுசிகா எண்டா என்ன அர்த்தம்?" ஊரில் உள்ள பெயருக்கெல்லாம் பொருள் சொன்ன மனிதர். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். "அது... ஒரு ஸ்டைலான பேர், பிள்ளை. நம்பர் நல்ல நம்பர்" என்றார். அவ்வளவுதான். என் பெயருக்குப் பொருளில்லை என்று பறித்துவிட்டு, பொருளே இல்லாத ஒன்றைத் தந்திருக்கிறார். பொன்னைப் பறித்துக்கொண்டு போனவன் பதிலுக்குப் பித்தளையாவது தருவான் என்று நினைத்திருந்தேன்.

அன்றே நூலகத்துக்குப் போனேன். குழந்தைப் பெயர்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் பிடித்தேன். ஒடிலியா என்பது மிகப் பழைய ஜெர்மானியப் பெயர் என்றது புத்தகம். அதன் வேர்ச்சொல்லுக்குச் செல்வம் என்று சிலர் பொருள் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் இறங்கி வரும் காணிபூமி என்று வேறு சிலர். எங்கள் வழக்கில் அதற்கு அச்சொட்டாக ஒரு சொல் இருக்கிறது, முதுசம். பெற்றோர் வழியாக வருவது, இடையில் ஒருவரும் கைவைக்க முடியாதது. அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு புனிதையின் கதையும் இருந்தது. பெரிய பிரபுவின் வீட்டில் கண் தெரியாமல் பிறந்தவள். இப்படியொரு பிள்ளை குடும்பத்துக்கே மானக்கேடு என்று தகப்பன் அவளைப் பார்க்கவும் மறுத்து வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். எங்கோ துறவிப் பெண்களிடம் வளர்கிறாள். ஞானஸ்நானம் கொடுத்து ஒடிலியா என்று பெயர் சூட்டிய அந்த நிமிடத்தில் அவளுக்குக் கண் திறக்கிறது. கண்ணோய்க்காரர்கள் இன்றைக்கும் அவளிடம் வேண்டிக்கொள்கிறார்களாம். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் ஒடியல் கூழ் காய்ச்சுவார்கள்.

வளர்ந்து வேலைக்குப் போனேன். பிக்கரிங்கில் வீடு வாங்கி அம்மாவோடு இருக்கிறேன், காலையில் ரயிலேறி டவுன்டவுனுக்குப் போகிறேன். ஸ்டேஷனடியில் கோப்பி வாங்கும் கடையில் கோப்பையில் எழுதப் பெயர் கேட்பார்கள். அங்கே மட்டும் ஒடிலியா என்பேன். யாரோ ஒரு பிலிப்பீனோப் பெண் தெளிவாக அதைக் கூப்பிட்டுக் கோப்பையை நீட்டுவாள். வளர்ந்த பிறகு அந்தப் பெயருக்கு நான் திரும்பிப் பார்த்த இடம் அது ஒன்றுதான். கோப்பை சூடு ஆறும்வரை அது என் பெயர், பிறகு குப்பைத்தொட்டிக்குப் போகும். இதைவிடக் கேவலமான ஏற்பாடு ஒன்றை என் பெரியப்பாவே யோசித்திருக்க மாட்டார்.

அப்பா காலமாகிச் சில வருடங்களின் பின் அண்ணாவுக்குக் கல்யாணமானது. பெண் கிச்சினர் நகரப் பக்கத்து வெள்ளைக்காரி, பாட்டன் காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம். நல்ல பிள்ளை, இந்தக் கதையில் அவளுக்கு ஒரு குற்றமும் இல்லை. அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தன் பூட்டியின் பெயரை வைக்கப் போவதாக அவள் சொன்னாளாம். பெயர் ஒடிலியா. அண்ணாவிடம் பிறகு கேட்டேன், "உங்களுக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லையா அண்ணா?" நாங்கள் வந்து இறங்கியபோது அவருக்குப் பத்து வயது. தலையைச் சொறிந்தார். "எங்கயோ கேட்ட பேர் மாதிரி இருந்தது, ஜெனு. ஐ ஜஸ்ட் லைக்ட் இட்" என்றார். எங்கே கேட்டிருப்பார் என்று நான் சொல்லவில்லை.

பெரியப்பா என்ன செய்யப் போகிறார் என்று ஆவலோடு பார்த்திருந்தேன். நட்சத்திரம் எங்கே, எண் எங்கே, கண்டறியாத பேர் எங்கே? வாயைத் திறக்கவில்லை மனிதர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் வெள்ளை மருமகள் வைத்தது பொன்குடம், அகதியாய் வந்த தம்பி பெண்டாட்டி வைத்தது மண்குடம். பேத்தியின் பிறந்தநாள் காலையில் கோயிலில் அர்ச்சனை. ஐயர் சிரிப்பார் என்று எங்களை முன்பு பயமுறுத்திய அதே இடம். ஐயர் பெயரைக் கேட்டார், பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஐயர் மந்திரத்தின் நடுவில் ஒடிலியா என்று தடக்காமல் சொல்லிக் கற்பூரம் காட்டினார். அவருக்கு அன்றைக்கு நூறு பெயர்களில் அதுவும் ஒரு பெயர். பக்கத்தில் நின்ற அம்மா என் கையைப் பிடித்தாள்.

பின்னேரம் மண்டபம். எழுத்துகள் எரிந்தன. உள்ளே நுழைந்தவுடன் என் பெயரைப் பார்த்து நின்றுவிட்டேன். கோப்பையில் மைப் பேனாவால் எழுதியிருக்கும் பெயர் இப்படி நெஞ்சளவு உயரத்தில் எரிந்தால் யாருக்கும் கால் நகராது. சாப்பாட்டுக்கு முன் பெரியப்பா மைக்கை எடுத்தார். "இண்டைக்கு ஒரு அருமையான பேரைப் பற்றிச் சொல்லப் போறன்" என்று தொடங்கினார். ஜெர்மானிய மொழியின் பழமை, வேர்ச்சொல், எல்லாம் வந்தது. யாரோ போனில் தேடிக் கொடுத்திருக்க வேண்டும். "எங்கட ஆக்கள் முதுசம் எண்டு சொல்லுறமெல்லோ, அதுதான் இந்தப் பேரின்ர அர்த்தம். பரம்பரைச் சொத்து! பாருங்கோ, ஐரோப்பாவில இருக்கிற பேருக்கும் எங்கட சொல்லுக்கும் எவ்வளவு பொருத்தம்!" சபை கைதட்டியது. புனிதையின் கதையையும் சொன்னார். கண் தெரியாத பிள்ளை, பெயர் வைத்த நிமிடம் கண் திறந்தது, என்ன அற்புதம். பிள்ளையை மானக்கேடு என்று துரத்திய தகப்பன் மட்டும் அவருடைய கதையில் வரவில்லை. அந்த ஆளை அப்படியே விட்டுவிட்டார். தன் சாதிக்காரனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். இவ்வளவு காலம் அப்படித்தானே வந்தேன். மருமகள் பக்கம் கையைக் காட்டி அவர் சொன்னார், "இப்பிடி ஒரு பேரைத் தெரிஞ்செடுக்கிறதுக்கு ஒரு தாய்க்கு அறிவு வேணும். எங்கட பொம்பிளையள் இதைப் பாத்துப் பழகோணும். பேர் பிழைச்சா எல்லாம் பிழைச்சுது." மருமகளுக்குத் தமிழ் விளங்காது, தன்னைப் புகழ்கிறார் என்று மட்டும் தெரிந்து வெட்கத்தோடு சிரித்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். எங்கள் மேசையில் தண்ணீர்க் கிளாசைப் பிடித்தபடி இருந்தாள். தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற அதே முகம்.

அம்மா கிளாசை வைத்தாள். முழங்கால் வருத்தம் உள்ளவள், மேசையில் கையூன்றி எழும்பினாள். மெதுவாக நடந்து அந்த எழுத்துகளுக்கு முன்னால் போய் நின்றாள். படமெடுக்கிற பையன் கமராவோடு நின்றான். சபை முழுவதும் பார்க்க, அவள் என் பக்கம் கையை நீட்டி, எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"ஒடிலியா! இஞ்ச வா பிள்ளை. இதுக்கு முன்னால நிண்டு ஒரு படம் எடுப்பம்."

குழந்தையின் தாய் நிமிர்ந்து பார்த்தாள். பெரியப்பா மைக்கிலேயே, "தங்கச்சி, பிள்ளை நித்திரை. எழுப்ப வேண்டாம்" என்றார். அந்தக் குரலில் ஒரு பெரிய மனிதரின் பொறுமை இருந்தது.

"உங்கட பேத்தியை நான் கூப்பிடேல்லை, அத்தான்" என்றாள் அம்மா. "நான் என்ர பிள்ளையைக் கூப்பிட்டனான். இந்தப் பேர் வைக்கிற அறிவு எனக்கு அப்பவே இருந்தது. நீங்கள்தான் கண்டறியாத பேர் எண்டு சொன்னனீங்கள்."

பெரியப்பா வாயைத் திறந்தார். மைக் கையில் இருந்தது, வாயும் திறந்திருந்தது, ஆனால் ஒன்றும் வரவில்லை. எத்தனை பிறந்தநாள், எத்தனை கல்யாணம், எத்தனை செத்தவீட்டில் அந்த வாயிலிருந்து சொல் வற்றியதில்லை. நான் எழும்பிப் போனேன். அந்தச் சில அடிகளும் எனக்குக் கண் மங்கலாகத்தான் இருந்தது. அம்மா என் தோளைப் பிடித்து இழுத்து நேராக நிறுத்தினாள், பள்ளிக்கூடப் படத்துக்கு நிறுத்துவதுபோல. பையன் கமராவை அழுத்தினான்.

இதற்குப் பிறகாவது வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதமே ஒரு செத்தவீட்டில் அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "ஒடிலியா எண்டது எங்கட குடும்பத்துப் பேர். தம்பியின்ர மகளுக்கு முதல்லயே வைச்சது. நான்தான் மகனுக்கு ஞாபகப்படுத்தினனான்." பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் பெயரைப் பறித்தார், பிறகு பழித்தார், பிறகு புகழ்ந்தார், கடைசியில் தானே கண்டுபிடித்தார். இப்படிப்பட்டவரோடு சண்டை போட்டு என்ன பயன்? அன்றிலிருந்து அவரை வெறுப்பதைக்கூட நான் விட்டுவிட்டேன், அதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

நேற்று அண்ணாவுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். உடனே போன் வந்தது. "ஜெனு, இதில அப்பா பாதிதான் விழுந்திருக்கிறார். வாயும் ஆவெண்டு இருக்கு. வேற படம் இல்லையா?" இல்லை என்றேன். அது பொய்யும் இல்லை. அந்த ஓரத்தை வெட்டிவிட்டால் எழுத்துகளும் அம்மாவும் நானுமாகப் படம் இன்னும் வடிவாக இருக்கும். எத்தனையோ தடவை வெட்டப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறேன். அம்மாவின் வாயால் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம் அது, இருக்கட்டும். சமையலறையில் அம்மா மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தாள். "ஒடிலியா, ஆர் போனில?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அண்ணா ஒரு பெருமூச்சு விட்டார். "சரி, இதையே போடுவம். படத்துக்குக் கீழ உன்ர பேர் போடோணும். ஜெனுசிகா எண்டே போடுறது?"

"இல்லை. ஒடிலியா எண்டு போடுங்கோ."

"அது பிள்ளையின்ர பேரெல்லோ? சனத்துக்குக் கன்பியூஸ் ஆகுமே, ஜெனு."

"ரெண்டு பேருக்கும் இருக்கட்டும் அண்ணா" என்றேன். "முதுசம்தானே. உங்கட அப்பாவே மைக்கில சொன்னவர்."